பாதி யானை

அவள் உள்ளே போய்விட்டாள். கம்மல் என் கையில் இருக்கிறது. கையை இறுக்கினால் திருகாணி குத்துகிறது, தளர்த்தினால் எங்கே நழுவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் இறுக்குவதும் தளர்த்துவதுமாக இந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் பையில் அட்டைக் கட்டு இருக்கிறது, அட்டைகளுக்கு இடையில் கம்மல் புகுந்துகொண்டால் பிறகு ஒவ்வொன்றாக உதற வேண்டும், உதறும்போது அவள் பக்கத்தில் நிற்பாள், அப்போது அவள் முகம் எப்படி இருக்கும், அதை மட்டும் யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன். கேட்டில் சோதனை போட்ட அம்மாள் நல்லவள்தான். ‘கம்மலக் கழட்டிரு பாப்பா, கிளிப்பு, கயிறு எதுவும் உள்ள ஆகாது’ என்று பதமாகத்தான் சொன்னாள். என் மகள் அரசி ஒவ்வொரு காதாகத் திருகிக் கழற்றிக் கொடுத்தாள், கையில் கட்டியிருந்த மாரியம்மன் கோயில் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தாள், கிளிப்பை எடுத்ததும் முடி நெற்றியில் விழுந்தது, திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். காது மூளியாக இருந்தது. மூளி என்ற சொல் எங்கிருந்து வந்து என் மனதில் உட்கார்ந்தது என்று தெரியவில்லை, நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளையைப் பார்த்து வரவேண்டிய சொல்லா அது, உடனே வேறு எதையாவது நினைக்க வேண்டும் என்று நினைத்தேன், அவள் நடையை நினைத்தேன், செருப்பை நினைத்தேன், அதற்குள் அவள் கட்டடத்துக்குள் மறைந்துவிட்டாள். மே மாத வெயில். மதுரைக்கு வெளியே, ரிங் ரோட்டைத் தாண்டி ஏதோ ஒரு இன்ஜினியரிங் காலேஜ், சுற்றிலும் கருவேலங்காடு, நடுவே கண்ணாடி பதித்த கட்டடம், பார்த்தாலே கண் கூசுகிறது. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. போன வருசமும் எழுதினாள், வரவில்லை, ஒரு வருசம் வீட்டில் இருந்து படித்தாள். இந்தத் தடவையும் வரவில்லையென்றால் மேலூரில் டயர் கடை வைத்திருக்கும் சோலைராஜைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவளே அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். சோலைராஜ் என் மனைவியின் அண்ணன் மகன், முறைப்பையன். நல்ல பையன். குடி கிடையாது, வாய் கிடையாது, என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டமே. குறை இருந்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன்.

பையிலிருந்து கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது. கீழ மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் கல்யாணப் பத்திரிகைக் கடையில் நான் வேலை பார்க்கிறேன், வருகிறவர்களுக்கு மாடல் எடுத்துப் போட்டுக் காட்டுவது, விரித்துக் காட்டுவது, தடவிப் பார்க்கச் சொல்வது, ‘இது புது மாடல்ங்க, போன வாரம்தான் வந்துச்சு’ என்று சொல்வது, இத்தனை வருசமாக இதுதான். வருசம் திரும்பினால் பழைய மாடல்கள் ஆல்பத்திலிருந்து கழிந்துவிடும். கழிந்த மாடல்களைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போடுவார்கள். அரசி வார்த்தை படிக்க அட்டை வேண்டும் என்று கேட்டபோது, வெளியே வாங்குவானேன் என்று அவற்றை எடுத்து, கட்டிங் மிஷின் பையனைக் கெஞ்சி, உள்ளங்கை அளவுக்கு வெட்டி வாங்கி வந்தேன். நல்ல அட்டை. தடிமன். ஒரு பக்கம் வெறும் வெள்ளை, மறுபக்கம் பூ வேலை, தங்க ஃபாயில், பிள்ளையார், குத்துவிளக்கு, நாதஸ்வரம், வாழைக்குலை. வெட்டும்போது எதுவும் முழுசாகத் தப்பவில்லை. ஒரு பத்திரிகையில் யானை ஒன்று தும்பிக்கையில் மாலையைத் தூக்கிக்கொண்டு நின்றது, தும்பிக்கையும் மாலையும் ஒரு அட்டைக்குப் போயின, வயிறும் வாலும் இன்னொரு அட்டைக்குப் போயின. படம் இருக்கிற பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் இங்கிலீஷ் வார்த்தையை எழுதினேன், வெள்ளைப் பக்கத்தில் தமிழில் அர்த்தம். என் கையெழுத்து நன்றாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இப்போது எதற்குக் கர்வம் என்று தெரியவில்லை. காலையில் அவள் தலை பின்னும்போது நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன். அவள் அர்த்தம் சொன்னால் அட்டை வலது பக்கம் போகும், சொல்லாவிட்டால் இடது பக்கம். வலது பக்கம் தெரிந்தது, இடது பக்கம் தெரியாதது. முதலில் எல்லாம் இடது பக்கம்தான் குவிந்தது. அவள் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், மாநகராட்சிப் பள்ளி. அப்புறம் மெல்ல மெல்ல இடது பக்கம் இளைத்தது, வலது பக்கம் உயர்ந்தது, பங்குனியில் ஒரு நாள் இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் பாய். அந்த வெறும் பாயை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘என்னப்பா பாக்குறீங்க, அங்கதான் ஒண்ணும் இல்லையே’ என்றாள் அரசி. ஒண்ணும் இல்லாததைத்தான் தாயி பார்க்கிறேன் என்றேன். சமையல்கட்டிலிருந்து என் மனைவி தமயந்தி, ‘ஆமா, ஒண்ணும் இல்லாததப் பாக்குறதுதான் உங்கப்பாவுக்கு வேலை’ என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

எதற்குச் சட்டம், யார் கேட்டது சட்டம் என்று தமயந்தி அடிக்கடி கேட்பாள், எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் பதில் கொஞ்சம் மாறுகிறது. அரசி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது லீவு நாளில் கடைக்கு வந்து மாடல்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கேட்டாள், ‘ஏன்ப்பா மாப்பிள்ள பேருக்குப் பின்னாடி இவ்வளவு எழுத்துப் போட்டிருக்கு, பொண்ணு பேருக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல?’ படிப்பும்மா அது, அவரு படிச்சிருக்காரு என்றேன். ‘அப்ப இந்தப் பொண்ணு?’ படிக்கல போல. ‘கேட்டீங்களா?’ கடை முதலாளி சிரித்து, ‘வக்கீலப் பெத்து வச்சிருக்கீரு’ என்றார். அவ்வளவுதான். அவர் போகிற போக்கில் சொன்னது, நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். மங்கையர்க்கரசி பி.ஏ., பி.எல். என்று ஒரு பத்திரிகையில் அச்சாகி இருப்பதை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் பார்த்திருக்கிறேன், எழுத்து அளவு, இடைவெளி, தங்கமா சிவப்பா, எல்லாம். அதை நினைக்கும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது, அவளைக் கோர்ட்டில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, கறுப்பு அங்கியோடு அவள் எழுந்து நின்று பேசுவதாக ஒரு தடவைகூட எனக்குக் கனவு வந்ததில்லை, நான் பார்த்ததெல்லாம் பத்திரிகை. என் ஆசைகூட ஒரு கல்யாணப் பத்திரிகையாகத்தான் வந்திருக்கிறது. அப்படியானால் தமயந்திக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், அவள் மூன்று மாதத்தில் அடிக்க நினைக்கும் பத்திரிகையை நான் ஐந்து வருசம் தள்ளி அடிக்க நினைக்கிறேன், அவ்வளவுதானா. இல்லை, அவ்வளவுதான் இல்லை, அரசிக்கே ஆசை இருந்தது, இருக்கிறது, இருக்க வேண்டும். கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ‘கேட்டீங்களா?’ என்று அன்றைக்குக் கேட்டவள் அவள்தான்.

‘என்ன அண்ணாச்சி, பரிச்சை எழுத வந்த எடத்துல கல்யாணப் பத்திரிகையா? பொண்ணுக்கு எழுத்தும் கல்யாணமும் ஒரே முகூர்த்தமா?’

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பருத்த மனிதர், தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. பெயர் தனுஷ்கோடி, சாத்தூரில் சேவுக் கடை, மகன் உள்ளே எழுதுகிறான், இவ்வளவையும் உட்கார்ந்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது என்று சொன்னேன். ‘எறங்கலன்னாலும் எடுங்க. எம் மகன் உள்ள என்ன கிழிக்கானோ, வெளிய நாம நாலு சேவாவது கடிப்போம். அவன் ஆத்தா வந்தா சாமி கும்பிட்டே கொன்னுருவா, அதான் நான் வந்தேன்.’ எடுத்துக்கொண்டேன். காரம் கண்ணில் நீர் வர வைத்தது, நல்லதுதான் என்று தோன்றியது, யார் பார்த்தாலும் சேவு என்று நினைத்துக்கொள்வார்கள். அட்டைகளைப் பற்றிக் கேட்டார், சொன்னேன், எப்படி வெட்டியது, எப்படி எழுதியது, வலது பக்கம் இடது பக்கம், இப்போது ஒன்றுகூடத் தெரியாதது இல்லை என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்ததைக் கவனித்தேன். ‘எமகாதகப் பிள்ளைதான். உங்களுக்குத் தெரியுமா எல்லாம்?’ எனக்கும் தெரியும் என்றேன், எழுதினவன் நான்தானே. ‘அப்பச் சரி, நான் வாத்தியாரு. நீங்க படிச்ச பய. பொழுது போவணும்ல’ என்று கட்டை வாங்கி, சேவு எண்ணெயைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஒரு அட்டையை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தார். மனமில்லாத, என்றேன். திருப்பிப் பார்த்தார். ‘அட!’ அடுத்தது. வீணான. அடுத்தது. பிடிவாதமான. அடுத்தது. புலம்பு. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, ‘தாயி, இந்த அதிசயத்தப் பாருங்க’ என்றார். பிறகு அட்டையைத் தன் பக்கம் திருப்பி, தன் கட்டைவிரலைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார். ‘அண்ணாச்சி, எனக்கு இங்கிலீஷு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனா ஒண்ணு கேக்கேன். இந்நேரம் வரைக்கும் வெரலால எழுத்த மூடிக்கிட்டுல்ல காட்டியிருக்கேன். எப்பிடிப் படிச்சீக? மந்திரம் கிந்திரம் உண்டா?’

அவர் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் கேட்பார் என்று சிரித்தேன், கட்டை வாங்கிக்கொண்டேன். மேலே இருந்த அட்டையை எடுத்து எழுத்தின் மேல் விரலை வைத்தேன். விரலுக்கு வெளியே தும்பிக்கை, தும்பிக்கையில் மாலை. மனமில்லாத. இன்னொன்று. வாழைக்குலையின் அடிப்பாகம். வீணான. கிளியின் ஒரு சிறகு, பிடிவாதமான. நாதஸ்வரத்தின் வாய், புலம்பு. ஃபாயில் உரிந்து வெள்ளை தெரிகிற மூலை, ஒளிவுமறைவற்ற. ஒன்றுகூடத் தவறவில்லை. நான் எழுதினவன், வெட்டி வாங்கினவன், எனக்குத் தெரியாமல் இருக்குமா, எனக்கு அப்படி என்பதால் அவளுக்கும் அப்படி என்று ஆகிவிடாது, அவள் படிப்பவள், அவள் கண் எழுத்தின் மேல்தான் போயிருக்கும். போயிருக்கும். கீழே கிடந்த வேப்பங்குச்சியை எடுத்து மண்ணில் அந்த முதல் வார்த்தையை எழுதினேன், ரெலக்டன்ட், வெறும் எழுத்து, சுற்றிலும் யானை இல்லை, ரோஜா நிற அட்டை இல்லை, மண் மட்டும். உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருந்தது, கடைக்கு வந்து போன ஆள், முகம் தெரியும், எந்த வீட்டு ஆள் என்று தெரியவில்லை. எழுதும்போது தெரிந்தது, எழுதி முடித்துப் பார்க்கும்போது போய்விட்டது. காலால் அழித்தேன். தனுஷ்கோடி, ‘என்ன அண்ணாச்சி, கோலமா?’ என்றார்.

இப்போது ஒவ்வொன்றாக வருகிறது. வேண்டாம் என்றாலும் வருகிறது. அரசி அட்டைகளைக் கேட்கும் விதம், ‘அப்பா, அந்த மால யானையக் காணோம்’, ‘வாலு யானை இங்க இருக்கு’, ‘கிளிய ரெண்டு தடவ காட்டாதீங்க, போரு’. அதைச் செல்லம் என்று நினைத்தேன், அட்டைகளோடு பிள்ளை பிரியமாகிவிட்டாள் என்று தமயந்தியிடம் சொன்னேன். சித்திரையில் ஒரு நாள் கடையிலிருந்து பார்சல் சுற்றி வந்த இங்கிலீஷ் பேப்பரை அவள் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, ‘ரெலக்டன்ட்னா என்னப்பா?’ என்றாள். அடிப்பாவி, காலையிலதான சொன்ன என்றேன். யோசித்தாள், வரவில்லை, உதட்டைக் கடித்தாள். நான் போய்க் கட்டிலிருந்து அட்டையை எடுத்து வந்து காட்டினேன். ‘அட, மால யானையா! மனமில்லாத! இது அதானா?’ என்று கைதட்டிச் சிரித்தாள், நானும் சிரித்தேன், சமையல்கட்டிலும் சிரிப்பு கேட்டது. இது அதானா. அந்த இரண்டு வார்த்தைக்குள் எல்லாம் இருந்தது, என் காதில் விழுந்தது, நான் அதன் மேல் ஏறி நடந்து போய்விட்டேன். நாம் பிள்ளைக்கு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை, பிள்ளைக்கு அட்டை சொல்லிக் கொடுத்தோம். இதோ இன்று காலை, பஸ்ஸில், நின்றுகொண்டே அவள், ‘கடசியா ஒரு அஞ்சு காட்டுங்கப்பா’ என்றாள். கூட்டம், ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தேன், மறு கையால் பையிலிருந்து அட்டையை உருவினேன், முழுசாக உருவுவதற்குள் சொன்னாள். அட்டை வெளியே வரவில்லை, மூலை மட்டும்தான் வந்தது. என்ன வேகம் என்று நினைத்தேன். பின்னால் நின்ற கண்டக்டர்கூட, ‘பாப்பா பாசு’ என்றார். மூலையில் எழுத்து ஏது. மூலையில் எழுதவே முடியாது, மூலை முழுக்கப் பூ வேலை. நான் வெட்டி வாங்கிய அட்டை எனக்குத் தெரியாதா. தெரிந்தும் நான் அந்த வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் எனக்கு வலது பக்கம் வேண்டியிருந்தது, வெறும் பாய் வேண்டியிருந்தது, அவளுக்கு என் முகம் வேண்டியிருந்தது, என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாளோ என்னவோ, யானையைப் பார்த்தாளா என் முகத்தைப் பார்த்தாளா, இரண்டில் எதிலும் எழுத்து இல்லை.

கேட் பூட்டியிருக்கிறது. போய்த் தட்டினால் என்ன. தட்டி, அம்மா, ஒரே ஒரு நிமிஷம், என் மகளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று கேட்டால் அந்த அம்மாள் என்ன சொல்வாள். சொல்ல விட்டாலும் என்ன சொல்வேன், யானையை மறந்துவிடு என்று சொல்வேனா, மறந்தால் மிச்சம் என்ன இருக்கிறது அவளிடம். இந்நேரம் அவள் முன்னால் தாள் இருக்கும். வெள்ளைத் தாள். ஒரே மாதிரி கறுப்பு எழுத்து, ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் நிறத்தில் வித்தியாசம் கிடையாது, ஃபாயில் கிடையாது, சந்தன மணம் கிடையாது. அந்த வெள்ளைத் தாளில் அவள் குனிந்து எதைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரிகிறது, எனக்கு மட்டும்தான் தெரிகிறது, அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். போன் அடித்தது. தமயந்தி. ‘என்னங்க, உள்ள போயிட்டாளா? நீங்க ஏதாச்சும் சாப்ட்டீங்களா?’ சேவு சாப்பிட்டேன் என்றேன். ‘சேவா? வயித்தெரிச்சல் வரப்போகுது.’ உடனே பேச்சை மாற்றினாள். ‘அண்ணே வந்திருக்கு. சும்மாதான் வந்துச்சாம். மல்லியப்பூவும் பழமும் வாங்கிட்டு வந்திருக்கு.’ பிறகு குரலைத் தாழ்த்தினாள், அடுப்படிக்குப் போயிருப்பாள், பாத்திரச் சத்தம் கேட்டது. ‘ஏங்க, எழுதிருவால்ல? நான் அண்ணன்கிட்ட கட்டாயம் எழுதிருவான்னு சொல்லிட்டேன். வாய் வந்துருச்சு, சொல்லிட்டேன். எழுதிருவால்ல?’ அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவளும் அங்கே ஒரு கேட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருக்கிறாள். இத்தனை நாள் இவள் அண்ணன் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூரிக்கட்டை சத்தத்தை வைத்து இவள் கோபத்தைக் கண்டுபிடிப்பேன், கொலுசு சத்தத்தை வைத்து எழுந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வேன், முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. ஓரத்தைப் பார்த்தே ஒரு குடும்பத்தை நடத்தியிருக்கிறேன். அதற்கு வந்த பதிலெல்லாம் சரியான பதில் என்று நினைத்து வலது பக்கம் அடுக்கியிருக்கிறேன். ‘என்னங்க, லைன்ல இருக்கீங்களா?’ இருக்கிறேன் என்றேன். அவளுக்கு எல்லாம் தெரியும் தமயந்தி, ஒண்ணுகூடத் தெரியாதது இல்லை, நீ அண்ணனுக்குக் காப்பி போட்டுக் கொடு என்றேன்.

வெயில் சாய்ந்து மரத்து நிழல் என்னை விட்டு நகர்ந்துவிட்டது, நான் நகரவில்லை. தனுஷ்கோடி தோளைத் தொட்டு, ‘நிழலுக்கு வாங்க அண்ணாச்சி, பிள்ளைக பரிச்ச எழுதுறதுக்கு நாம ஏன் வேகணும்’ என்றார். நல்ல மனிதர். அவரிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் ஆறுதல் சொல்வார், ‘அட அதெல்லாம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வந்துரும்’ என்பார், அதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை, கேட்டால் ஒரு நிமிஷம் நம்புவேன், அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் இப்போது இருப்பதைவிட மோசமாக இருக்கும். ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். பதட்டத்தில் அப்பன்மார் இப்படித்தான் நினைப்பார்கள். பிள்ளையின் மூளை நம் மூளை மாதிரியா, பச்சை மூளை, எழுத்தும் பதிந்திருக்கும், படமும் பதிந்திருக்கும். பேப்பரில் அந்த ஒரு வார்த்தைதானே தெரியவில்லை. வேறு வார்த்தைகளைப் பேப்பரில் பார்த்துச் சொன்னாளா? சொன்னாளா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அவள் அட்டையை விட்டு வெளியே ஒரு வார்த்தையைச் சந்தித்து அதைத் தெரிந்துகொண்டதாக ஒரே ஒரு ஞாபகம் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நேரத்தை ஓட்டிவிடுவேன். கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அந்தக் கைதட்டல்தான் கேட்கிறது. மால யானையா, இது அதானா.

மணி அடித்தது. எல்லா அப்பன்மாரும் அம்மாமாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், சேலையைத் தட்டினார்கள், கேட்டில் போய் முட்டினார்கள். நான் பின்னால் நின்றேன். சாத்தூர்ப் பையன் முதலில் வந்தான், தொப்பை அப்படியே அப்பன். ‘என்னடா, கிழிச்சியா?’ ‘கிழிச்சுட்டேன்ப்பா.’ ‘எதை, பேப்பரையா?’ ‘போங்கப்பா.’ தனுஷ்கோடி என் பக்கம் திரும்பி, ‘வாரேன் அண்ணாச்சி. பாப்பாவுக்குச் சீட்டு கெடச்சதும் சாத்தூர்ப் பக்கம் வாங்க’ என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அரசி கடைசியில் வந்தாள். அழவில்லை. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, யாருடைய காலையும் மிதிக்காமல், கோயிலிலிருந்து வருகிற மாதிரி வந்தாள். எப்படிம்மா என்று நான் கேட்கவில்லை. ‘தண்ணி குடுங்கப்பா’ என்றாள். குடித்தாள். பாட்டிலை மூடித் தந்தாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

‘நிறைய வந்துச்சுப்பா’ என்றாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. ‘நீங்க எழுதிக் குடுத்தது அவ்வளவும் வந்துச்சு. பாத்ததும் ஒரே சந்தோசமாயிருச்சு எனக்கு. எல்லாம் தெரிஞ்ச வார்த்தைன்னு. அர்த்தமும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, மனமில்லாத, வீணான, பிடிவாதமான, வரிசையாச் சொல்லுவேன். யானை, வாழை, கிளி, அதுவும் ஞாபகம் இருக்கு. எது எதோடதுன்னு மட்டும் தெரியலப்பா. தேடுனேன். அந்தத் தாள்ல எந்தப் பக்கம் பாத்தாலும் வெள்ளையா இருக்குப்பா.’

கம்மலை நீட்டினேன். என் உள்ளங்கையில் திருகாணி பதிந்த தடம் இருந்தது. அவள் போட முயன்றாள், கை வழுக்கியது, ‘நீங்க திருகுங்க’ என்று காதைக் காட்டினாள். திருகினேன். காது சுட்டது. சொல்ல வேண்டும், இது உன் தப்பில்லை தாயி, கழிந்த அட்டையை எடுத்து வந்தவன் நான், மூலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான், சொல் வாய்க்குள் வந்து நின்றது, மறுகாதையும் திருகி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று திருகினேன்.

‘மாமா வந்திருக்காராப்பா வீட்டுக்கு?’

‘ம்.’

‘பூவோடவா?’

அவள் என் சட்டைப் பையிலிருந்து கட்டை அவளே எடுத்தாள், ரப்பர் பேண்டைக் கழற்றி முடியில் போட்டுக்கொண்டாள், அட்டைகளை மடியில் விசிறியாக விரித்தாள், கடையில் நான் விரிப்பேனே அதே மாதிரி, படங்கள் மேலே தெரிய, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள்தானே. மேலே தும்பிக்கை, மாலை. ‘சொல்லுங்க’ என்றாள். குரலில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது, சிரிப்பில்லை. என் கண்ணையே பார்த்தாள், காத்துக்கொண்டிருந்தாள், எதற்குக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் பார்த்திருக்க வேண்டும். ‘இதுல எதுப்பா என் பத்திரிகைக்கு நல்லாருக்கும்?’

கேள்வி முடியவில்லை. என் கை தானாக நீண்டு விசிறியின் ஓரத்தைத் தொட்டது, தொட்ட விரல் தானாகத் தடவியது, வாய் தானாகத் திறந்தது.

‘யானை வேண்டாம்மா’ என்றேன். ‘அது பழைய மாடல்.’

அரசி தலையை ஆட்டினாள். யானையை உருவி, பெஞ்சில் தனக்கு வலது பக்கத்தில் வைத்தாள்.